ஞாயிற்றுக்கிழமை இடம்

"நாளைக்கு விடியக்காலம் நீ வரிசையில நிக்கலேன்னா உன் எடத்துல நாகராஜ் நிப்பான். திங்கக்கெழம வந்து எங்கிட்ட மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்காத."

பஞ்சநாதன் மாமா இதைச் சொன்னபோது தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்துப் பிழிந்துகொண்டிருந்தார். மீன்தண்ணீர் மணலில் சொட்டியது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நான் சென்னை போய்ச் சேரவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"இந்த ஒரு ஞாயிறுதான் மாமா."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. ஞாயித்துக்கெழம என்னா கெழமடா? ஊரே மீன் திங்கிற கெழம. அன்னைக்கு ஒருத்தன் கொறஞ்சா அந்தச் சொம அடுத்தவன் கழுத்துலதான் ஏறும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பட்டினச்சேரியில் படகு கரை தட்டியதும் மீனைக் கூடையில் அள்ளி, மணல்மேட்டைத் தாண்டி ரோட்டில் நிற்கும் ஐஸ் வண்டி வரைக்கும் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கள் வேலை. நடக்க மாட்டோம். நடந்தால் சுமை கழுத்தில் இறங்கிவிடும். ஓடினால் அதுவே ஒரு ஆட்டம் பிடித்துக்கொண்டு நம்மை இழுத்துப் போகும். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, முன்னால் போகிறவர் மிதித்த அடியிலேயே மிதித்து ஓடவேண்டும். அங்கேதான் மணல் இறுகியிருக்கும். முன்னால் போகிறவரை யாரும் முந்தக்கூடாது. முந்தினால் கூடையோடு கூடை இடிக்கும், மீன் கொட்டும், கொட்டிய மீனுக்கு வரிசையே பதில் சொல்லவேண்டும்.

வரிசையில் இடம் என்பது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. அப்பனுக்கு முடியாவிட்டால் மகன் நிற்பான், இல்லையென்றால் தம்பி நிற்பான். முதல் இடம் பஞ்சநாதன் மாமா வீட்டுக்கு. அடுத்தது எங்கள் வீட்டுக்கு. எங்கள் வீட்டில் நானும் என் மனைவி அஞ்சுகமும் மட்டும்தான். ஆளில்லாத இடத்துக்கு வேறு ஆளைப் போட மாமாவுக்கு உரிமை உண்டு. நாகராஜ் அவருடைய தங்கச்சி மகன். ரொம்ப நாளாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பெரிய ஊர்களில் ஓட்டப்பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்கிறார்கள். அவர்களுக்கு அது சும்மா இருக்கிற நாள். சும்மா இருக்க முடியாதவர்கள் ஓடுகிறார்கள்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் ஷகீல். ஐஸ் வண்டிக்குச் சொந்தக்காரரான ஜெய்னுலாபுதீன் பாயின் தம்பி மகன். துபாயிலிருந்து வயிறும் சர்க்கரையுமாகத் திரும்பி வந்தவரை டாக்டர் ஓடச் சொல்லியிருந்தார். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் ஓடிப் பார்ப்பார். மணல்மேடு ஏறுவதற்குள் நின்றுவிடுவார்.

"தங்கப்பண்ணே, தலையில இவ்வளவு கனத்த வச்சுக்கிட்டு எப்புடிண்ணே என்னைய விட்டுட்டுப் போறீங்க?"

"நான் தலையில வச்சிருக்கேன் தம்பி. நீங்க வயித்துல வச்சிருக்கீங்க."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, தன் பழைய ஷூவைக் கொண்டுவந்து கொடுத்து, என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போனார்.

அந்த முதல் ஓட்டத்தில் எனக்கு மூன்று தொல்லைகள். ஒன்று தார்ரோடு. மணல் காலை உள்ளே வாங்கிக்கொள்ளும், தார் திருப்பி அடிக்கும். அடுத்தது என் கை. தலையில் ஒன்றுமில்லை என்பது கைக்குத் தெரியவில்லை. கூடையைப் பிடிக்க அது தானாக மேலே போனது. நான் உற்சாகத்தில் கையாட்டுகிறேன் என்று நினைத்து ஓரத்தில் நின்றவர்களும் கையாட்டினார்கள். இன்னொன்று என் கண். சுனாமிக்குப் பிறகு எங்களைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தபோது ஒரு டீச்சர் சாயங்காலத்தில் வந்து பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் அங்கேதான் படித்தேன். புதிதாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்து என்றால் விட்டுப்போக மனசு வராது. பல் ஆஸ்பத்திரி, நகைக்கடன், இங்கு நாய்கள் ஜாக்கிரதை, சுவரில் விளம்பரம் செய்யாதே. ஒவ்வொரு போர்டாக வாய்க்குள் படித்துக்கொண்டே ஓடியதில் பாதியிலேயே மூச்சு வாங்கியது.

இதையெல்லாம்விடக் கேவலம் ஒன்று நடந்தது. எனக்கு முன்னால் மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தார். நான் அவர் பின்னாலேயே போனேன். மற்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனார்கள். எனக்கு மட்டும் கால் வரவில்லை. முன்னால் ஒருவர் போகும்போது எப்படி முந்துவது? ஓரிடத்தில் அவர் ரோட்டைவிட்டு ஒரு சந்துக்குள் திரும்பினார். நானும் திரும்பினேன். இன்னொரு சந்து. ஒரு பெரிய கட்டடத்தின் கேட் முன்னால் அவர் நின்றார். நானும் நின்றேன்.

"யாருப்பா நீ? என்ன வேணும்?"

"ஓட்டம்ங்க."

"நான் முடியலேன்னு வீட்டுக்கு வந்துட்டேன். நீ ஏன் வந்த?"

வாட்ச்மேன் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைக் காட்டித் தப்பித்தேன். ஷகீல் இந்தக் கதையை ஐஸ் வண்டியில் வைத்துச் சொல்ல, ஒரு மழைக்காலம் முழுக்க அதுவே கரையில் பேச்சாக இருந்தது. "தங்கப்பன் முன்னால போயிடாதீங்கடா, வூடு வரைக்கும் வந்துருவான்" என்பார்கள்.

பெங்களூரில் கொஞ்சம் நன்றாக ஓடினேன். அங்கே போர்டெல்லாம் வேறு எழுத்து. படிக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கேயும் யாரோ ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு ஆளையாவது முந்திப் பார்த்துவிடவேண்டும் என்ற நமைச்சல் அப்போதுதான் பிடித்தது. கரையில் ஓடும்போது மாமாவின் முதுகைப் பார்ப்பேன், அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தோன்றும். வண்டிதான் இருக்கிறது. தெரியும். தெரிந்தும் தூக்கம் வராது. படுத்தால் பாயில் கால் உதறிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சனிக்கிழமை நான் பையில் ஷூவை வைத்தபோது, பக்கத்து ஊரான தலத்தெருவில் வீடு வீடாக மீன் விற்றுவிட்டுத் திரும்பியிருந்த அஞ்சுகம் காலி அலுமினிய அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா சொன்னது அதற்குள் அவள் காதுக்கும் வந்திருந்தது.

"எதுக்கு ஓடுறீங்க? யாரு தொரத்துறா?"

"யாரும் தொரத்தல."

"அப்பறம் வூட்ல கெடக்க வேண்டியதுதானே?"

"கெடக்க முடியல அஞ்சுகம்."

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "எடம் போச்சுன்னா நீங்க இஞ்ச வராதீங்க. மெட்ராசுலயே ஓடிக்கிட்டு இருங்க. நான் சொல்லிட்டேன், ஆமா."

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இடம் போனால் அடுப்பும் போகும். அவள் விற்கிற மீனில் கொள்முதல் போகக் கையில் தங்குவது அரிசிக்கே சரியாக இருக்கும். எல்லாம் தெரிந்தும் கால் பஸ்ஸில் ஏறியது. ஊர் தாண்டும் வரைக்கும் இறங்கிவிடலாமா, இறங்கிவிடலாமா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஷகீல் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, வயிறு சரியில்லையா?"

"ஆமா தம்பி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கடற்கரைச் சாலையில் அவ்வளவு கூட்டம். ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. எல்லோர் மேலும் சென்ட் வாசனை. ஒரு பெண் மைக்கில், குதியுங்கள், கையைத் தட்டுங்கள் என்றாள். குதித்தார்கள். நான் கடல் பக்கம் பார்த்தேன். வெளிச்சம் இப்போதுதான் வருகிறது. எங்கள் கரையில் முதல் படகு தெரிய ஆரம்பித்திருக்கும். மாமா சும்மாடு சுற்றிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் நாகராஜ் நிற்பான். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கூட்டம் நகர்ந்தது.

போர்டு எதையும் படிக்கக்கூடாது என்று தரையைப் பார்த்தே ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே வழக்கம்போல ஒரு முதுகு வந்து மாட்டியது. நீலச் சட்டை, வேர்வை, இரண்டு பக்கமும் ஆடுகிற நடை. கால் தானாக அதன் பின்னால் சேர்ந்துகொண்டது. அவர் அடியில் என் அடி. தார்ரோட்டில் அடித்தடம் ஏது, ஆனாலும் கால் தேடுகிறது. இதற்காகவா இடத்தை விட்டுவிட்டு வந்தாய் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. கரையில், அவசரத்துக்கு எதிரே வருகிறவர்களை விலக்க நாங்கள் கத்துவதுபோல, "வழி! வழி!" என்று கத்தினேன்.

நீலச் சட்டைக்காரர் துள்ளி ஒதுங்கினார். நான் அவரைத் தாண்டினேன்.

திருடிவிட்டு ஓடுகிறவன்போல இருந்தது. எதுவும் கொட்டவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவர் பாட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்தார். சரி, இன்னொருவர். "வழி!" அப்புறம் ஒரு பெண், இரண்டு காலேஜ் பையன்கள், ஒரு மீசைக்காரர். "வழி! வழி!" பிறகு நிறுத்த முடியவில்லை. பசித்தவன் சாப்பிடுவதுபோல ஓடினேன். ஒருவரைத் தாண்டியதும் அந்தப் பக்கம் இன்னொரு முதுகு இருந்தது. அதைத் தாண்டினால் அதற்கு அந்தப் பக்கமும் ஒன்று. ராணுவத்துக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அவர்கள் முதுகு என் கண்ணுக்கே படவில்லை. எத்தனை பேரைத் தாண்டினாலும் மனசு மட்டும் பின்னாலேயே, பட்டினச்சேரி மணலில் கிடந்தது. இந்நேரம் இரண்டாவது படகு. இந்நேரம் சங்கராக் கூடை. இந்நேரம் நாகராஜுக்கு மூச்சு வாங்கும், மாமா திரும்பிப் பார்த்து, "பரவாயில்ல, புடிச்சுக்குவான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

முடிகிற இடத்தில் கழுத்தில் ஒரு மெடலை மாட்டி, கையில் வாழைப்பழம் கொடுத்தார்கள். நீலச் சட்டைக்காரர் பின்னாலேயே வந்து சேர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான சார் வழி வழின்னு கத்தினது? நான் ஆம்புலன்ஸ்னே நெனச்சிட்டேன்."

"மன்னிச்சிடுங்க சார்."

"அட, எதுக்கு? நல்லா ஓடுனீங்க. உக்காருங்க, டிபன் தர்றாங்க."

உட்கார முடியவில்லை. ஷகீல் வெகுநேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து வந்து சேர்ந்தார். அவர் மெடல் வாங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, "நான் கெளம்புறேன் தம்பி" என்றேன்.

"ஒரு போட்டோ எடுத்துட்டுப் போகலாம்ண்ணே."

"நீங்க எடுத்துட்டு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் பாண்டிச்சேரி வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தேன். "சீட்டு காலியாத்தானே கெடக்கு, உக்காருங்களேன்" என்று கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை அதட்டினார். உட்கார்ந்தேன். கடலூர், சிதம்பரம், சீர்காழி. ஒவ்வொரு ஊரிலும் டிரைவர் டீ குடித்தார். எனக்கு அந்த ஆளை இறக்கிவிட்டு பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போகலாம்போல இருந்தது. வீட்டில் என்ன சொல்வது? நாளை எங்கே போவது? மாமாவின் காலில் விழுவதா, இல்லை நாகை பக்கம் போய் வேறு வரிசையில் கடைசி ஆளாக நிற்பதா?

பட்டினச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. டீக்கடை பெஞ்சில் நாகராஜ் உட்கார்ந்திருந்தான். மெடலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

"வாங்கண்ணே. மெட்ராசுல எத்தன பேருண்ணே ஓடுனாங்க?"

"நெறைய பேரு."

"இஞ்சயும் பெரிய ஓட்டந்தான்." டம்ளரை டொக்கென்று வைத்தான். "அண்ணிதான் எங்கள ஓட்டுனுச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த காசியம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் அவளே சொன்னாள்.

விடிகாலையில் நாகராஜ் சும்மாடு சுற்றிக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறான். அஞ்சுகம் எங்கிருந்தோ வந்து அவனை ஒதுக்கிவிட்டு அங்கே நின்றாள். மாமா சத்தம் போட்டார். "எடம் வூட்டுக்குத்தான்னு சொன்னது நீங்கதான பெரியப்பா? இது எங்க வூட்டு எடம். நான் அந்த வூட்டு ஆளு" என்றாள். பொம்பளை வரிசையில் நின்ற வழக்கம் இல்லை என்றார் மாமா. நிற்கக்கூடாது என்று வழக்கம் இருக்கிறதா என்று கேட்டாள். படகு வந்துவிட்டது. பேச நேரமில்லை. கோபத்தில் நாகராஜே கூடையைக் குவித்து அள்ளி அவள் தலையில் ஏற்றினான்.

"ஏத்துனேனா? அண்ணி ஓடணும்ல? நடக்குது!" என்றான் நாகராஜ். "பொறுமையா, தேரு மாதிரி நடக்குது. மாமா அங்க வண்டிகிட்ட போய் ஒத்தையா நிக்கிறாரு. நாங்க அத்தன பேரும் அண்ணி பின்னால. முந்தவும் முடியாது, நிக்கவும் முடியாது. கழுத்து எறங்கிப் போச்சு எல்லாத்துக்கும்."

"ஐஸ் வண்டிப் பாயி கத்துன கத்து!" என்றாள் காசியம்மா. "என்னப்பா இது, மீனு தூக்கிட்டு வாரீங்களா, மய்யத்துத் தூக்கிட்டு வாரீங்களான்னு. அதுக்கும் உன் பொண்டாட்டி அசரலியே. மொத படகுலேர்ந்து கடைசிப் படகு வரைக்கும் அதே நடதான்."

நான் வீட்டுக்கு ஓடினேன். அஞ்சுகம் குப்புறப் படுத்திருந்தாள். கழுத்தில் எண்ணெய் மினுங்கியது. தலையைத் திருப்ப முடியாமல் தரையைப் பார்த்தே பேசினாள்.

"வந்தாச்சா?"

"ஏன் அஞ்சுகம் இப்புடி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க போயிருக்க மாட்டீங்க. போகலேன்னா ராத்திரியெல்லாம் ஒதச்சுக்கிட்டுக் கெடப்பீங்க. நான் தூங்க வேணாமா?"

எண்ணெயைத் தொட்டு அவள் கழுத்தைப் பிடித்துவிட்டேன். கல்போல இறுகியிருந்தது. வலியில் பல்லைக் கடித்தாள். பிறகு, "யாரையாச்சும் முந்துனீங்களா?" என்றாள்.

இந்த ஆசையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. தூக்கத்தில் உளறியிருப்பேன்.

"முந்துனேன்."

"ம். நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கு எனக்குத் தலத்தெரு யாவாரம் போச்சு. ஞாயித்துக்கெழம யாவாரம். அந்த வூட்டுக்காரங்க எல்லாம் பைக்குல வர்றவன்கிட்ட வாங்கியிருப்பாங்க. ஒருதடவ வாங்கிட்டா அப்பறம் அவன் மொகந்தான் நெனப்புல நிக்கும். நாளைக்கு நீங்க வரிசை முடிச்சுட்டு என் கூடைய எடுத்துக்கிட்டுப் போயி, ஒரு வூடு விடாம நின்னு கூப்புட்டு, அத்தன பேரையும் எனக்குத் திருப்பிக் குடுக்கணும். குடுத்தா அடுத்த ஓட்டத்துக்குப் போங்க, நான் போயி நிக்கிறேன். இல்லேன்னா அந்த ஷூவ ஆத்துல போட்டுட்டு வாங்க."

"நாளைக்குத் திங்கக்கெழம. பாதிப் பேரு மீனே வாங்க மாட்டாங்க."

"வாங்கலேன்னா மொகத்தயாச்சும் காட்டிட்டு வாங்க. அஞ்சுகம் வூட்டு ஆளுன்னு சொல்லணும்."

மறுநாள் விடியலில் நான் வரிசையில் போய் நின்றேன். மாமா திரும்பி என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"உன் சம்சாரம் வரலியா?"

"இல்ல மாமா."

"நல்லதாப் போச்சு" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்தாற்போல மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. படகு வந்தது. மாமா கூடை ஏறியதும் கிளம்பினார். நான் அவர் அடியில் அடி வைத்தேன். மேட்டில் ஏறும்போது முன்னாலிருந்தே கேட்டார்: "மறுபடியும் போவியாடா?"

"தெரியல மாமா. இன்னைக்கு மீன் வித்தாத்தான் தெரியும்."

அவருக்கு அது புரிந்திருக்காது.

வெயில் ஏறியபோது நான் தலத்தெருவில் இருந்தேன். தலையில் அஞ்சுகத்தின் அன்னக்கூடை. கானாங்கெளுத்தியும் கொஞ்சம் சங்கராவும். வரிசைக் கூடையைவிட இது கனமே இல்லை. கனமில்லாததுதான் தப்பாகப் போனது. "மீனு!" என்று கத்தினேன். குரல் உடைந்து வந்தது. கத்தி முடிப்பதற்குள் அந்த வீட்டைத் தாண்டியிருந்தேன். அடுத்த வாசலில் நிற்கவேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் அதற்கடுத்த வாசல் வந்திருக்கும். ஒரு தெரு முடிந்துவிட்டது. ஒருவர்கூட வாங்கவில்லை. திரும்பி அடுத்த தெருவில் நுழைந்தேன். கதவுகள் எனக்குப் பின்னால் திறப்பதும், "எங்கடி போனாங்க?" என்று யாரோ கேட்பதும் காதில் விழுந்தது.

"யோவ்! மீன்காரரே! நில்லுய்யா!"

திரும்பிப் பார்த்தேன். கையில் சட்டியோடு ஒரு அம்மா தெரு நடுவில் ஓடிவந்துகொண்டிருந்தார். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். போஸ்டாபீசில் வேலை பார்க்கும் பங்கஜவல்லி அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். மூக்குக் கண்ணாடி, வலது கன்னத்தில் மச்சம். அஞ்சுகம் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மீன் விக்க வந்தியா, இல்ல ரேசுக்கு வந்தியா? முதல் தெருவுலேர்ந்து கூப்புடுறேன்!" அவருக்கு மூச்சு வாங்கியது. "யாரு நீ?"

"அஞ்சுகம் வூட்டு ஆளுங்க."

"அஞ்சுகமா? எங்க அவ? நேத்து ஒரு மணி வரைக்கும் பாத்துட்டு பைக்குக்காரன்கிட்ட வாங்குனேன். ஐஸு மீனு. வாயில வக்க முடியல." சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டார். "எறக்கு, பாப்போம்."

கூடையை இறக்க அவரே ஒரு கை கொடுத்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பங்கஜவல்லி அம்மாவும் உட்கார்ந்து, முதல் மீனை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தார். வைத்தார். இரண்டாவதை எடுத்தார். வயிற்றை அமுக்கினார், முகர்ந்தார், திருப்பினார். முதல் மீனையே மறுபடி எடுத்தார். எதிர் வீட்டிலிருந்தும் ஒருவர் சட்டியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். அவரும் இப்படித்தான் பார்ப்பார். தெருவில் இன்னும் எத்தனையோ வாசல் பாக்கி.

"என்னய்யா, அவசரமா போகணுமா?" என்றார் பங்கஜவல்லி அம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"இல்லம்மா. நீங்க நெதானமா பாருங்க" என்றேன்.

கூடைக்குப் பின்னால் என் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.